50 ஆட்டுக்கு முன்னால் இந்த 14 ஆட்டைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். கல்லல் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். 2 ஏக்கர் செம்மண் காடும் ஒரு போரும் இருக்கின்றன. 2 வருடத்துக்கு முன்னால் சந்தையில் 10 பெட்டையும் ஒரு கிடாயும் வாங்கினேன். இங்கே பிறந்த பெட்டைக் குட்டிகளில் 4 நிறுத்தியதில் இப்போது தாய் ஆடு 14. போன மழைக்குப் பிறந்த 11 குட்டியில் 6 செத்துவிட்டன. மார்கழியில் குழுக் கடன் கட்டுவதற்காக, 10 மாதக் கிடாய்க்குட்டி எட்டை வீடு தேடி வந்த வியாபாரிக்கு உருப்படி 5,500 என்று கொடுத்தேன். மானியத்தில் பரண் கொட்டகை போட்டு 50 போயர் ஆடு வாங்கலாம் என்கிறார் கொழுந்தனார். இருப்பதையும் விற்றுத் தொலை என்கிறார் மாமியார். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு பேர் சொல்வதையும் ஒரு வருடத்துக்கு ஒத்திவையுங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்றும், மேய்ச்சலில் வளர்ந்த நாட்டுக் கிடாய்க்குட்டி 10 மாதத்தில் 18 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு குட்டி 7,200 ரூபாய் ஆகிறது. உங்களுக்குக் கிடைத்தது 5,500. எட்டுக் குட்டியில் 13,600 ரூபாய் போயிற்று. செத்த ஆறும் வளர்ந்து நின்றிருந்தால் 43,200. அதில் பெட்டைகள் இருந்தால் கொஞ்சம் குறையும். கூட்டிப் பார்த்தால் 50 ஆயிரத்தைத் தாண்டுகிறது. புதிதாக ஓர் ஆடுகூட வாங்காமல் உங்கள் பட்டியிலேயே நிற்க வேண்டிய பணம் அது. இந்த இழப்பு எங்கே நடக்கிறது என்று தெரியாமல் 50 ஆடு வாங்கினால், இழப்பும் அதே கணக்கில் பெருகும். எல்லாவற்றையும் விற்றுவிட்டாலோ, 2 வருடம் பாடுபட்டுக் கற்றுக்கொண்டதும் சேர்ந்து போய்விடும்.

முதலில் குட்டிச் சாவு. இதைத்தான் நான் நீளமாக எழுதப்போகிறேன், ஏனென்றால் சிறு பண்ணையின் வரவு செலவைத் தீர்மானிப்பது இதுதான்.

வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் 150 நாள், அதாவது 5 மாதம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் உங்களுக்குக் குட்டி விழுந்தது என்றால், கிடாய் சேர்ந்தது வைகாசி, ஆனியில். அதற்குக் காரணம் உண்டு. கோடையில் சீமைக்கருவேல நெற்று உதிர்கிறது. கோடை மழை ஒன்றிரண்டு பெய்து தழையும் துளிர்க்கிறது. ஆட்டுக்கு உடம்பு தேறுகிறது, பருவத்துக்கு வருகிறது. கிடாய் மந்தையோடு சுற்றினால் அது பாட்டுக்குச் சேர்ந்துவிடும். ஆனால் குட்டி பிறக்கும்போது அடைமழை, ஈரத்தரை, குளிர்காற்று, பட்டிக்குள் மூத்திர நெடி. 2 கிலோக்குட்டி அதைத் தாங்காது.

இப்போது ஆனி நடக்கிறது. கிடாயை இன்றைக்கே பிரித்துத் தனியாகக் கட்டுங்கள். ஆவணி பிறக்கும்வரை எந்தக் கிடாயையும் மந்தையோடு விடாதீர்கள். ஆவணியில் சேர்த்தால் தையில் குட்டி. மழை விட்டிருக்கும், கண்மாய் ஓரமெல்லாம் பச்சை இருக்கும், தாய்க்குப் பால் சுரக்கும். அந்தக் குட்டிகள் ஐப்பசியில் 9 மாதம் முடிந்து தீபாவளிக்குச் சரியாக நிற்கும். 2 வருடத்தில் 3 ஈத்து, அதாவது மூன்று முறை குட்டி போடும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆட்டின் உடம்புக்கு அது முடியும்தான். நம் ஊர் மழையையும் சேர்த்துப் பார்த்தால், ஈத்துக் குறைந்தாலும் பிறந்தது பிழைக்கட்டும் என்பதே என் கட்சி.

வைகாசியிலேயே சினைப்பட்டவை சில இருக்கும். கிடாய் சேர்ந்தும் சினை பிடிக்காவிட்டால் அடுத்த பருவம் ஏறக்குறைய 21 நாளில் வர வேண்டும். வராத ஆட்டைச் சினை என்றே எண்ணிக்கொண்டு தேதியைக் குறித்து வையுங்கள். வயிற்றுக்குள் குட்டி வேகமாக வளர்வது கடைசி ஒன்றரை மாதத்தில்தான். அந்த நாட்களில் மேய்ச்சலை மட்டும் நம்பக் கூடாது. உடைத்த மக்காச்சோளம் 40 பங்கு, கடலைப் புண்ணாக்கு 25, கோதுமைத் தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1 என்று கலந்து, ஆட்டுக்குத் தினம் 250 கிராம் வையுங்கள். தாய் மெலிந்திருந்தால் குட்டியும் வற்றிப் பிறக்கும், மடியும் வற்றிக் கிடக்கும்.

குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் இருக்கும் சளியைத் துடைத்துவிடுங்கள். தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு நூலால் கட்டி, அதற்குக் கீழே சுத்தமான பிளேடால் அறுத்து, டிங்ச்சர் அயோடினில் நனையுங்கள். அரை மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோக் குட்டிக்கு 200 மில்லியாவது, பலமுறையாகப் பிரித்துக் குடிக்கட்டும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் பால் விட வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக்கூடும். அன்போடு மறுத்துவிடுங்கள். நோயைத் தாங்கும் சத்தைக் குட்டி சீம்பாலில் இருந்துதான் வாங்குகிறது. நேரம் ஆக ஆக அதன் குடல் அதை ஏற்கும் திறன் குறைந்துகொண்டே போகும்.

எந்த வயதில், எப்படிச் செத்தன என்று நீங்கள் எழுதவில்லை. அது எனக்கு முக்கியம். முதல் மூன்று நாளில் போனால் பெரும்பாலும் குளிரும் பால் பற்றாமையும். மூன்று வாரம் தாண்டி, இரத்தம் கலந்து கழிந்து போனால் இரத்தக் கழிச்சல் என்று சந்தேகப்பட வேண்டும். ஈரத்தரையில் வளரும் நுண்ணுயிரி அதற்குக் காரணம். மூக்கொழுகி, இளைத்து, இருமிப் போனால் சளிக்காய்ச்சல். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. அதனால் இனி ஒரு குட்டி செத்தால் உடனே புதைத்துவிடாதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லி, உடற்கூறு பார்க்கச் சொல்லுங்கள். மாவட்டத்தில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருப்பதே இதற்காகத்தான். ஆடு எழ முடியாமல் கிடந்தால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் அவசர ஊர்தி வரும்.

கொட்டகைக்கு லட்சக்கணக்கில் தேவையில்லை. உங்கள் பக்கம் செம்புராங்கல் கிடைப்பதுபோல வேறெங்கும் கிடைக்காது. அதை அடுக்கி ஒன்றரை அடி மேடு எழுப்பி, மேலே சரளையைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தி, ஒரு பக்கம் சரிவு வையுங்கள். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். கூரைக்குக் கீற்றே போதும். காரைக்குடியில் பழைய வீடு இடித்த நாட்டு ஓடு மலிவாகக் கிடைத்தால் அது இன்னும் நல்லது. பெரிய ஆட்டுக்கு 10 முதல் 15 சதுர அடி என்று கணக்கிடுங்கள். குட்டிகளுக்கு மட்டும் ஒரு மூலையில் பனஞ்சட்டம் அடித்துச் சிறு பரண் போடுங்கள். இடைவெளியில் குட்டியின் குளம்பு சிக்கக் கூடாது. மழைச்சாரல் வரும் பக்கம் சாக்குப் படுதா தொங்கட்டும், ஆனால் நாலு பக்கமும் மூடிவிடாதீர்கள். காற்றோட்டம் இல்லாத பட்டியில் மூத்திர நெடியே நெஞ்சைப் புண்ணாக்கிவிடும்.

தடுப்பூசி இரண்டை விட்டுவிடாதீர்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கு 3 மாதம் முடிந்த குட்டிக்கு ஒரு தடவை போட்டால் 3 வருடம் காக்கும். துள்ளுமாரிக்கு மழைக்கு முன்னால் போட வேண்டும். மழை விட்டதும் முளைக்கும் இளம்புல்லை வயிறு முட்டத் தின்றுவிட்டு, காலையில் துள்ளி விழுந்து சாவது பெரும்பாலும் கொழுத்த குட்டிதான். வெளியூர் ஆட்டுக்கிடை கண்மாயில் இறங்கியிருக்கும் நாட்களில் உங்கள் ஆட்டை அந்தத் தண்ணீருக்கு விடாதீர்கள். புதிதாக வாங்கும் ஆட்டை 3 வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மந்தையில் சேருங்கள்.

குடற்புழு மருந்தை எல்லா ஆட்டுக்கும் ஒரே மூடி அளவில் ஊற்றுவது ஊர்ப்பழக்கம். எடைக்குக் குறைவாகக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். கண்ணின் கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது, வெளிறி வெண்மையாக இருந்தால் இரத்தம் உறிஞ்சும் புழு இருக்கிறது. தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கினால் தாமதிக்கக் கூடாது. சேர்க்கைக்கு விட்ட முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்காதீர்கள், கருவைப் பாதிக்கும்.

கல்யாண வீட்டு மிச்சச் சோறு பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பக்கம் விருந்துக்குக் குறைவில்லை. மீந்த சோற்றைக் குண்டானோடு ஆட்டுக்கு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரியத்தில் செய்வதுதான். ஆனால் சோறு வயிற்றில் புளித்து அமிலமாகி, ஒரே நாளில் நல்ல ஆட்டைக் கொன்றுவிடும். பொங்கலன்று ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

இனித் தீவனம். நீங்கள் இதைப் பற்றிக் கேட்கவே இல்லை, ஆனால் 50 ஆடு பேச்சு இங்கேதான் முடிகிறது. ஓர் ஆடு தினம் 3 கிலோ பசுந்தீவனம் தின்னும். பதினாலும் கிடாயும் சேர்ந்தால் 45 கிலோ. 50 ஆடு என்றால் 150 கிலோ, தினமும், பங்குனி வெயிலிலும். கோ 5 கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லுக்குச் சொல்லப்படும் விளைச்சல் எக்டருக்கு வருடத்தில் சுமார் 360 டன். அது நல்ல மண்ணுக்கும் குறையாத தண்ணீருக்குமான கணக்கு. நம் சரளைக் காட்டில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் போர் கோடையில் எப்படி ஊறுகிறது என்பதைப் பொறுத்தது. அந்தப் பாதிக் கணக்கில் 25 சென்ட்டில் இருந்து தினம் 50 கிலோ வரும். ஆனால் வெள்ளாடு புல்லைவிடத் தழையைத்தான் விரும்பித் தின்னும். அதனால் நான் 10 சென்ட் நேப்பியர், 20 சென்ட் வேலிமசால் என்ற தழைத் தீவனப் பயிர் என்று பிரிப்பேன். வேலிமசால் விதையின் தோல் கெட்டி, சுடுநீரில் நேர்த்தி செய்து விதையுங்கள். 90 நாளில் முதல் அறுப்பு, பிறகு 40 நாளுக்கு ஒருமுறை. வேலியோரம் அகத்தி, கிளிரிசிடியா, சவுண்டல் மரங்களை வையுங்கள். சவுண்டல் தழை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கிளிரிசிடியாவை வெட்டி வாட்டிப் போடுங்கள். ஆடிப் பட்டம் வருகிறது. ஆடு வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதில் போடுங்கள்.

சீமைக்கருவேல நெற்றை அப்படியே போட்டால் விதை செரிக்காமல் புழுக்கையில் வந்து காட்டில் முளைக்கும். காயவைத்து அரைத்துத் தூளாக்கி, கலப்புத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்த்தால் புண்ணாக்குச் செலவும் குறையும்.

கிடாய் விஷயம் உங்கள் கடிதத்தில் மறைந்து கிடக்கிறது. 2 வருடத்துக்கு முன்னால் வாங்கிய அதே கிடாய்தான் இன்றும் நிற்கிறது. நீங்கள் நிறுத்திய 4 பெட்டைகளும் அதன் மக்கள். தகப்பனையே மகளோடு சேர்த்தால் குட்டி சிறுத்துப் பிறக்கும், நோய் தாங்காது. அந்தக் கிடாயை விற்றுவிடுங்கள். உடம்பு நன்றாக இருந்தால் நல்ல விலைக்குப் போகும். ஆவணிக்குள் வேறு கிடாய் வேண்டும். சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கன்னி ஆட்டுக் கிடாய் உங்கள் வெயிலுக்கும் மேய்ச்சலுக்கும் பொருந்தும். கருப்பு உடம்பில் முகத்தின் இரு புறமும் வெள்ளைக் கோடு ஓடுவது பால்கன்னி, செங்கோடு ஓடுவது செங்கன்னி. இரட்டைக் குட்டி ஈனும் இனம். சந்தையில் வாங்காமல் வளர்ப்பவர் பட்டிக்கே போங்கள், தாயைப் பாருங்கள், இரட்டையில் பிறந்ததா என்று கேளுங்கள். விதைகள் இரண்டும் சமமாக இறங்கியிருக்க வேண்டும். 20, 25 பெட்டைக்கு ஒரு கிடாய் போதும். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அதோடு தாய் ஆட்டில் நான்கைக் கழித்துவிடுங்கள். எதை என்றால், இரண்டு ஈத்திலும் ஒற்றைக் குட்டி போட்டது, மடி கல்லானது, குட்டியைச் சேர்க்காமல் உதைப்பது. பத்து நல்ல ஆடு உங்கள் ஒருவர் கைக்கும் தண்ணீருக்கும் அளவானது.

கொழுந்தனார் சொல்லும் மானியம் உண்மைதான். 2021-22இல் மாற்றியமைக்கப்பட்ட தேசிய கால்நடை இயக்கத்தில் 50 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. ஆனால் அதில் சிறிய அலகே 100 பெட்டையும் 5 கிடாயும், மானியத்தின் உச்சவரம்பு 10 லட்சம். மீதிப் பாதி கடனும் உங்கள் கைப்பணமும். 50 ஆட்டுக்கு அந்தத் திட்டம் பொருந்தாது. 100 ஆட்டுக்கும் அவற்றின் குட்டிகளுக்கும் வருடம் முழுக்கத் தீவனம் போட உங்கள் ஒரு போரின் தண்ணீர் தாங்குமா என்பது சந்தேகம். போயரைப் பொறுத்தவரை, அது கறிக்கு நல்ல இனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடர்தீவனமும் கவனிப்பும் நிறையக் கேட்கும். இனப்பெருக்கத்துக்கென்று பெரிய விலை கொடுத்து வாங்கியவர், கடைசியில் கறிக்கடைக்குக் கிலோ விலையில்தான் விற்க வேண்டிவரும். கொழுந்தனாரிடம் இதைச் சண்டையாக்காமல், தீவனக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். உங்கள் நல்லதுக்குத்தானே சொல்கிறார்.

விற்பனைக்கு வருகிறேன். நீங்கள் விற்ற மாதம் மார்கழி. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடத் தொடங்கி, பழனிக்குப் பாதயாத்திரை போய்த் தைப்பூசம் முடியும்வரை உங்கள் வட்டாரத்தில் எத்தனை வீட்டில் கறி எடுப்பார்கள்? வியாபாரிக்கு அது தெரியும். குழுத் தவணை இருப்பதும் தெரிந்திருந்தால் விலை இன்னும் இறங்கும். அதே குட்டி தீபாவளிக்கோ, மாசி சிவராத்திரியைத் தொட்டு வரும் குலதெய்வக் கும்பிடுக்கோ, கருப்பர், முனியய்யா கோயில் கிடாவெட்டுக்கோ வேறு விலை போகும். அதனால் மார்கழித் தவணைக்கான பணத்தை ஐப்பசியிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். தீபாவளிக்குப் பாதி, மாசி பங்குனிக்கு மீதி. பக்ரீத் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னால் நகரும்; அதற்கு ஒரு வயது நிறைந்த, கண், கால், கொம்பில் பழுதில்லாத கிடாய்தான் கேட்பார்கள். அப்படி இரண்டு மூன்றைத் தனியாகத் தேற்றினால் நல்ல விலை உண்டு. கொம்பை முட்டி முறித்துக்கொள்ளாமல் பிரித்துக் கட்டுங்கள்.

விலையைக் கண்மதிப்பில் பேசாதீர்கள். தொங்கு தராசு ஒன்று வாங்குங்கள். அதுவரை தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள்முனையில் இருந்து பின்புட்டம் வரை நீளம் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 24, நீளம் 22 என்றால் 19 கிலோவுக்குச் சற்று மேல். ஒன்றிரண்டு கிலோ முன்பின் இருக்கலாம், ஆனால் வாசலில் வைத்து உங்களை ஏமாற்ற முடியாது. மேய்ந்து வந்த வயிற்றில் ஒரு கிலோவுக்கு மேல் கூடும். வெறும் வயிற்றில் காலையில் எடை போடுவது இருவருக்கும் நியாயம். 20 கிலோ ஆட்டில் கறி 9 முதல் 10 கிலோ தேறும், தலை, கால், குடல், ஈரல் தனி. காரைக்குடி கடைவிலையை விசாரித்து இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால், வியாபாரி கேட்பது நியாயமா என்று தெரிந்துவிடும்.

வியாபாரியைப் பகைக்கச் சொல்லவில்லை. வண்டி வாடகை, வழியில் சாவு, சந்தைச் சுங்கம் எல்லாம் அவர் தலையில். அவருக்கே விற்கலாம், எடை போட்டு விற்கலாம். ஒரு தடவை மட்டும் விவரம் தெரிந்த ஒருவரோடு திருப்புவனம் சந்தைக்குப் போய்வாருங்கள், விற்க வேண்டாம், விலை கேளுங்கள். துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் விலையும் உங்கள் வாசலில் சொல்லும் விலையும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று நேரில் பார்த்தால் அடுத்த பேரத்தில் தயங்க மாட்டீர்கள். கிடாவெட்டுக்குக் கேட்கும் சொந்தபந்தம், ஞாயிற்றுக்கிழமை பங்குக்கறி போடும் ஊர்க்காரர்கள் இருந்தால் அவர்களிடம் நேரே விற்பதும் நல்லதுதான். கடனுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

குன்றக்குடியில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கல்லலில் இருந்து தூரமில்லை. வெள்ளாட்டுப் பயிற்சி எப்போது நடக்கிறது என்று கேட்டு, கொழுந்தனாரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை கிடாயைப் பிரிப்பதும் புழுக்கை பரிசோதனையும். ஐந்தாறு ஆட்டின் புதுப் புழுக்கையைக் காலையில் எடுத்து, ஆட்டுக்கு ஒரு சிறு டப்பாவாகப் பேர் எழுதி, அன்றைக்கே மருந்தகத்தில் கொடுங்கள். ஆவணிச் சேர்க்கைக்கு முன் 14 ஆட்டின் எடையையும், ஒவ்வொன்றும் இதுவரை போட்ட குட்டி எத்தனை, நின்றது எத்தனை என்பதையும் எழுதி அனுப்புங்கள். எந்த நான்கைக் கழிக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.